45,855 கோடிக்குக் குடித்தார்களா? மதுச் செலவுக் கணக்கை எப்படிப் படிப்பது

வருஷத்துக்கு ஒரு முறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைப்பார்கள். அதில், அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் என்று ஒரு எண் இருக்கும். 2023-24க்கு அது 45,855 கோடியே 67 லட்சம் ரூபாய். அன்று சாயங்காலத்துக்குள் இந்த எண் மூன்று உருவம் எடுத்துவிடும். "நம்ம ஆளுங்க ஒரே வருஷத்துல 45 ஆயிரம் கோடிக்குக் குடிச்சிருக்காங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் அதை மக்கள்தொகையால் வகுத்து, பச்சைக் குழந்தை உட்பட ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் என்பார். மூன்றாமவர் கொஞ்சம் விவரமானவர், 2003-04இல் இது வெறும் 3,639 கோடிதான், ஆகவே குடி பன்னிரண்டு மடங்கு பெருகிவிட்டது என்று முடித்துவிடுவார்.

மூன்றும் தப்பு. இதில் வேடிக்கை, மூன்றும் ஒரே திசையில் தப்பவில்லை. முதலாமவர் செலவைக் குறைத்துச் சொல்கிறார், மூன்றாமவர் குடி பெருகியதை ஊதிச் சொல்கிறார், நடுவில் இருப்பவரின் கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, ஆனால் அது யாரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை. மது பற்றிய வாக்குவாதம் எந்தக் கட்சிக்காரர்களுக்கு இடையில் நடந்தாலும் இந்த மூன்று கணக்குகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதனால் அடியிலிருந்து ஒரு முறை பார்த்துவிடலாம்.

வசூல் வேறு, செலவு வேறு

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போகிறீர்கள். வழியில் சுங்கச்சாவடிகளில் கட்டிய பணத்தை மட்டும் கூட்டி "மதுரைப் பயணத்துக்கு இவ்வளவுதான் செலவு" என்று வீட்டில் சொன்னால் என்ன சொல்வார்கள்? பெட்ரோல் எங்கே, சாப்பாடு எங்கே என்று கேட்பார்கள். அந்த 45,855 கோடியும் சுங்கச்சாவடி வசூல் மாதிரிதான். சரக்கு போகும் வழியில் அரசு நின்று வாங்கிக்கொண்ட வரி மட்டும் அது. சரக்கின் விலை அதற்குள் இல்லை.

அரசு வாங்கும் இடங்கள் இரண்டு. முதலாவது ஆயத்தீர்வை. மது ஆலையிலிருந்து சரக்கு வெளியே வரும்போதே அளவைப் பார்த்து விதிக்கப்படும் வரி இது, கலால் வரி என்றும் சொல்வார்கள். இரண்டாவது மதிப்புக் கூட்டு வரி. சரக்கு கைமாறி விற்கப்படும்போது அதன் விலையில் இத்தனை சதவீதம் என்று போடுவது. 2023-24இல் ஆயத்தீர்வையாக வந்தது 10,774 கோடி, மதிப்புக் கூட்டு வரியாக வந்தது 35,081 கோடி. இரண்டையும் கூட்டினால் அந்தப் பிரபலமான எண்.

சோப்பு முதல் சினிமா டிக்கெட் வரை எல்லாம் ஜிஎஸ்டிக்குள் போன பிறகு இதற்கு மட்டும் ஏன் பழைய வரி என்று கேட்கலாம். மனிதர் குடிக்கும் மதுவை அரசியல் சாசனமே ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்திருக்கிறது, அதில் வரி போடும் உரிமை முழுக்க மாநிலத்தின் கையில். மாநிலங்கள் டில்லியைக் கேட்காமல் கூட்டிக்கொள்ளக்கூடிய வரிகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன, தமிழ்நாட்டுக்கு அதில் பெரியது இது. தமிழ்நாட்டின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ கால் பங்கு இங்கிருந்து வருகிறது. டாஸ்மாக் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டு, 2003 நவம்பர் இறுதியில் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன்பின் எந்த ஆட்சி வந்தாலும் இந்த ஏற்பாடு அப்படியே தொடர்வதற்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை.

ஆக, ஆலைக்காரரின் விலை, பாட்டில், மூடி, லேபிள், லாரி வாடகை, கடை ஊழியர் சம்பளம் எல்லாம் அந்த 45,855 கோடிக்கு வெளியே. குடிப்பவர் பையிலிருந்து போன பணம் அதைவிடக் கட்டாயம் அதிகம்.

கவுன்ட்டரில் ஒரு குவாட்டர்

கடை மதியம் பன்னிரண்டுக்குத் திறக்கும், இரவு பத்துக்கு மூடும். கம்பி வலைக்கு நடுவே கை போகும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதன் வழியாக மடித்த நோட்டும் பிராண்ட் பெயரும் உள்ளே போகும், 180 மில்லி பாட்டில் வெளியே வரும். இதுதான் குவாட்டர். 375 மில்லி ஆஃப், 750 மில்லி ஃபுல். இங்கே பிராந்திதான் ராஜா.

சாதாரண ரகக் குவாட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் அச்சடித்திருப்பது அதுதான். ஆனால் பல ஊர்களில் பத்து ரூபாய் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பது ரொம்ப நாள் புகார். அந்தப் பத்து ரூபாய் ஆயத்தீர்வையிலும் வராது, மதிப்புக் கூட்டு வரியிலும் வராது, கொள்கை விளக்கக் குறிப்பில் எந்தப் பக்கத்திலும் வராது. குடிப்பவர் கணக்கில் மட்டும் செலவாக நிற்கும். (இன்னொரு பத்து ரூபாயும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காட்டில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று நீதிமன்றம் தலையிட்டு, 2022இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. அதில் கூடுதலாக வாங்கும் பத்து ரூபாய் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வந்துவிடும். போதையில் பாட்டிலை ரோட்டோரம் வீசிவிட்டுப் போனால் அதுவும் செலவுதான்.)

"வெளியே போய்க் குடிப்பது"

கடையை ஒட்டி பார் இருக்கும். பார் நடத்துபவர் டெண்டரில் எடுப்பது இரண்டு உரிமைகளை: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில்களைச் சேகரிப்பது. மது விற்பது அவர் வேலையே இல்லை. அதாவது அங்கே உட்கார்ந்து குடிப்பவர் மதுவுக்காக ஒரு இடத்திலும், மது அல்லாத எல்லாவற்றுக்காக இன்னொரு இடத்திலும் பணம் கொடுக்கிறார். அரசின் எண்ணில் முதல் பணத்தின் வரி மட்டும் வரும். இரண்டாவது பணத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு சாயங்காலத்தைப் போட்டுப் பார்ப்போம், விலைகள் ஊருக்கு ஊர் மாறும், இது மாதிரிக் கணக்கு. குவாட்டர் 140. மேலே 10. தண்ணீர் பாட்டில் 20. கப் 10. (2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில் இருக்கிறது, கப் என்னவோ தாராளமாகக் கிடைக்கிறது.) ஆம்லெட் 30, சுண்டல் 20. மொத்தம் 230. இதில் பாட்டிலில் அச்சடித்த விலை 140தான், மீதி 90 ரூபாய் சுற்றுச் செலவு. "ஒரு குவாட்டர்தான் அடிச்சேன்" என்று வீட்டில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு கட்டிங். கடை வாசலில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கு 70 போட்டு ஒரு குவாட்டர் வாங்கி, 90 மில்லி 90 மில்லியாகப் பிரித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே முடித்துவிட்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள். சைட் டிஷ் ஊறுகாய் பாக்கெட்டோடு சரி. கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் காரியத்தை முடிப்பதில் இதை மிஞ்சிய ஏற்பாடு உலகத்தில் இருக்குமா என்பது சந்தேகம்.

ஹோட்டல் பாரில் கதையே வேறு. ஹோட்டலிலேயே மது பரிமாற எஃப்எல் 3 என்ற உரிமம் வாங்கிய ஹோட்டல்கள் பாட்டில் விலைக்குக் கட்டுப்பட்டவை இல்லை, 30 மில்லி, 60 மில்லி என்று பெக் கணக்கில் அவர்கள் வைத்ததுதான் விலை. பில்லை வாங்கிப் பார்த்தால் சிக்கன் சிக்ஸ்டிஃபைவுக்கு ஜிஎஸ்டி தனியாக, மதுவுக்கு மதிப்புக் கூட்டு வரி தனியாக, சில இடங்களில் சேவைக் கட்டணமும் ஒட்டியிருக்கும். அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு ஏசிக்கும் சோபாவுக்கும் பாட்டுக்கும். அப்புறம் வண்டி ஓட்ட முடியாது, கேப் பிடிக்க வேண்டும், அதுவும் சேர்த்தி.

இதுவரை: அரசு சொல்லும் எண் வரி மட்டும். அதற்கு மேலே சரக்கின் விலை. அதற்கும் மேலே உட்கார்ந்து குடிப்பதற்கான செலவு. மதுச் செலவு என்று பேசும்போது இந்த மூன்றில் எது வரை சேர்த்திருக்கிறோம் என்று சொல்லாவிட்டால் பேச்சுக்கு அர்த்தமில்லை.

ஆளுக்கு ஆறாயிரம் யார் கொடுத்தது?

இப்போது இரண்டாமவர். 45,855 கோடியைச் சுமார் 7.7 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் ஆண்டுக்கு ஆறாயிரத்தை ஒட்டி வரும், மாதத்துக்குச் சுமார் 500 ரூபாய். வரி மட்டுமே இது. வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 500 ரூபாயைக் கொடுத்த ஆள் யாரும் கிடையாது.

பத்து வீடுகள் உள்ள ஒரு தெரு. ஆறு வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இரண்டு வீட்டில் எப்போதாவது, மாதம் 500 ரூபாய். ஒரு வீட்டில் 2,500. கடைசி வீட்டில் 6,500. மொத்தம் பத்தாயிரம், வீட்டுக்குச் சராசரி ஆயிரம். அந்தத் தெருவில் ஆயிரம் செலவழிக்கும் வீடு ஒன்றுகூட இல்லை. எல்லா வீடுகளையும் செலவின்படி வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால் (இதற்குத்தான் இடைநிலை அளவு என்று பெயர்) பூஜ்யம் வரும். கடைசி வீடு மட்டும் மொத்தத்தில் 65 சதவீதம். இந்தத் தெரு நான் கற்பனை செய்தது, ஆனால் உலகத்தில் எங்கே அளந்து பார்த்தாலும் மதுவுக்கு ஏறத்தாழ இந்த வடிவம்தான் வரும். நிறையக் குடிக்கும் ஒரு சிறு கூட்டம் மொத்தத்தில் பெரும்பங்கைக் குடித்துத் தீர்க்கும்.

தமிழ்நாட்டுக்கே ஒரு எண் இருக்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். பெண்களில் 0.3 சதவீதம். அதாவது நான்கில் மூன்று ஆண்களும், கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஆக "ஆளுக்கு ஆறாயிரம்" என்பது குடிக்காதவர் மேல் குடிப்பவரின் செலவைத் தூக்கி வைக்கும் வேலை.

சரி, குடிப்பவர்களால் மட்டும் வகுத்துப் பார்ப்போமே. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் சுமார் மூன்று கோடி என்றால், 25.4 சதவீதம் என்பது ஏறத்தாழ 76 லட்சம் பேர். ஒவ்வொருவரும் கட்டிய வரி ஆண்டுக்கு அறுபதாயிரம், மாதம் ஐயாயிரம். வரி மட்டும் ஐயாயிரம்! 140 ரூபாய்க் குவாட்டரை வைத்துப் பார்த்தால், பாட்டிலின் முழு விலையும் வரிதான் என்று எடுத்துக்கொண்டால்கூட மாதம் சுமார் 36 பாட்டில் வேண்டும். உண்மையில் முழு விலையும் வரி இல்லை, ஆகவே இன்னும் அதிகம் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை கல்யாண வீட்டில் குடிப்பவரும் இந்த 76 லட்சத்துக்குள்தான் இருக்கிறார். விலை உயர்ந்த பிராண்ட் குடிப்பவர்களைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது.

எங்கே இடிக்கிறது என்பதுதான் அடுத்தது.

கேட்டால் யார் சொல்வார்கள்?

செலவை அறிய இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று கடைப் பக்கத்திலிருந்து, அதாவது எவ்வளவு விற்றது, எவ்வளவு வரி வந்தது. இன்னொன்று வீட்டுப் பக்கத்திலிருந்து, அதாவது நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று போய்க் கேட்பது. உப்பு, அரிசி, செல்போன் கட்டணம் எல்லாவற்றுக்கும் இரண்டு வழியும் ஓரளவு ஒத்துப்போகும். மதுவுக்கு ஒத்துப்போகவே போகாது, எந்த நாட்டிலும்.

வீட்டுப் பக்கத்துக்கு ஒன்றிய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2022-23க்கான அதன் முடிவில், அகில இந்திய அளவில் வெற்றிலை பாக்கு, புகையிலை, மது முதலான போதைப் பொருட்கள் எல்லாம் சேர்த்து மாதச் செலவில் கிராமத்தில் 3.79 சதவீதம், நகரத்தில் 2.43 சதவீதம். ரூபாயில் ஆளுக்கு மாதம் 143, 157 என்று வரும். பீடியும் ஹான்ஸும் சேர்த்துத்தான் இது. அகில இந்திய எண்ணைத் தமிழ்நாட்டின் மேல் அப்படியே ஒட்ட முடியாது, நமக்குச் செலவும் அதிகம், கடையும் அதிகம். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆளொன்றுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. நாம் மேலே கண்ட மாதம் 500 ரூபாயை இதனோடு வைத்துப் பார்த்தால், மது வரி மட்டுமே கிராமத்துச் செலவில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் வருகிறது. 3.79 எங்கே, ஒன்பது எங்கே.

இந்த இடைவெளிக்குக் குறைத்துச் சொல்லல் என்று பெயர். சொல்பவர் வேண்டுமென்றே பொய் சொன்னால்தான் இது நடக்கும் என்றில்லை. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். அரிசி எத்தனை கிலோ, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று அவருக்கு விரல் நுனியில் இருக்கும். கணவர் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் எவ்வளவு குறைந்தது என்பது அவருக்கே தெரியாது, தெரிந்தாலும் வாசலில் நிற்கும் அந்நியரிடம் சொல்லப் பிரியப்படமாட்டார். குடிப்பவரே எதிரில் இருந்தாலும் "எப்பவாவது ஃப்ரெண்ட்ஸோட" என்பதுதான் பதில். அந்த "எப்பவாவது" ஒரு வாரத்தில் நான்கு நாட்களாக இருக்கலாம். இதற்கு மேல், மிக அதிகமாகக் குடிப்பவர்கள் வீட்டில் அகப்படுவதே கஷ்டம்.

ஆக, குடும்பங்களிடம் கேட்டு வந்த எண் எப்போதும் தாழ்வாக இருக்கும். வரியிலிருந்து வந்த எண்ணும் தாழ்வுதான், காரணம் வேறு. உண்மையான செலவு இரண்டுக்கும் மேலே எங்கோ இருக்கிறது.

பன்னிரண்டு மடங்கு பெருகியது எது?

மூன்றாமவர் கணக்குக்கு வருவோம். 3,639 கோடி 45,855 கோடி ஆனது நிஜம்தான். ஆனால் ரூபாய் கூடுவதும் மில்லி கூடுவதும் ஒன்றில்லை. அந்த இருபது ஆண்டுகளில் பொதுவான விலைவாசியே மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. மக்கள்தொகை கூடியிருக்கிறது. வரி விகிதங்கள் கூட்டப்பட்டிருக்கின்றன. முன்பு சாதாரண ரகம் வாங்கியவர் கொஞ்சம் கை ஓடியதும் நடுத்தர ரகத்துக்கு மாறியிருக்கிறார், அளவு அதேதான், வரி அதிகம். இவை எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் குடி பெருகியது என்று சொல்ல முடியும். மிஞ்சுவது நிச்சயம் இருக்கிறது, ஆனால் அது பன்னிரண்டு மடங்கின் பக்கத்திலேயே வராது.

நம்பாதவர்களுக்கு 2020ஐவிட நல்ல சாட்சி இல்லை. கொரோனா ஊரடங்கில் மார்ச் கடைசியில் கடைகளை மூடினார்கள். மே 7 அன்று திறந்தார்கள், குடைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசைகள் ஞாபகம் இருக்கும். இரண்டே நாளில் உயர் நீதிமன்ற உத்தரவால் மறுபடி மூடி, உச்ச நீதிமன்றத் தடை வாங்கி மே 16இல் மறுபடி திறந்தார்கள். சென்னையில் ஆகஸ்ட் 18 வரை ஒரு கடையும் திறக்கவில்லை. இவ்வளவு நாள் மூடிக் கிடந்த 2020-21இல் வருவாய் 33,811 கோடி. முழு வருஷமும் கடை நடந்த 2019-20இல் 33,133 கோடி. மூடியதால் கூடியதா என்ன? மே 7 அன்றே சாதாரணக் குவாட்டருக்குப் பத்து ரூபாயும் மற்ற ரகங்களுக்கு இருபது ரூபாயும் ஏற்றியிருந்தார்கள். குறைந்த நாட்களில் விற்ற சரக்கு, கூடிய விலையில், அதிக வரியைக் கொண்டுவந்து சேர்த்தது.

இதற்குப் பின்னால் இருக்கும் விஷயத்துக்குப் பொருளாதாரத்தில் விலை நெகிழ்ச்சி என்று பெயர். விலை ஏறினால் வாங்கும் அளவு எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு அது. தக்காளி விலை ஏறினால் புளியைக் கூட்டிக் குழம்பு வைத்துவிடுவோம், வாங்கும் அளவு சட்டென்று குறையும். மதுவுக்கு விலை பத்து சதவீதம் ஏறினால் விற்பனை குறையும், ஆனால் பத்து சதவீதம் குறையாது. அதனால்தான் ஏற்ற ஏற்ற அரசுக்கு வரவு கூடுகிறது. மிதமாகக் குடிப்பவர் இரண்டு நாள் தள்ளிப்போடுவார். தினமும் குடிப்பவர் வேறு எதையோ குறைப்பார், அது பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுக்கும் பணமாக இருக்கும்.

தீபாவளிக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். "தீபாவளிக்கு இரண்டு நாளில் நானூறு கோடிக்கு மேல் விற்பனை" என்று வருஷா வருஷம் செய்தி வரும். இது விற்பனைத் தொகை, ஆண்டு எண்ணோ வரி, இரண்டையும் பக்கத்தில் வைப்பதே முதல் குழப்பம். எட்டு விடுமுறை நாட்களைக் கழித்து மீதி 358 நாளுக்கு (அது லீப் வருஷம்) 45,855 கோடியைப் பங்கு போட்டால், சாதாரண நாளிலேயே ஒரு நாளைக்குச் சுமார் 128 கோடி வரி வருகிறது. இரண்டு நாளைக்கு 256 கோடி, விற்பனைத் தொகை அதைவிட மேலே. ஆக, செய்தியைக் கேட்டு மாநிலமே மட்டையாகிவிட்டது என்று நினைக்கிறோம், உண்மையில் தீபாவளி விற்பனை சாதாரண இரண்டு நாட்களைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. அதிர்ச்சி அடைவதாக இருந்தால் சாதாரணச் செவ்வாய்க்கிழமையைப் பார்த்துத்தான் அடைய வேண்டும்.

யார் "அதிகமாக" செலவழிக்கிறார்?

மாதம் எண்பதாயிரம் சம்பளம் வாங்குபவர் இரண்டு சனிக்கிழமை பப்புக்குப் போய் நாலாயிரம் செலவழிக்கிறார். ஒரு கொத்தனார் மாதம் பதினெட்டாயிரம் சம்பாதித்து, பதினாறு நாள் ஒரு குவாட்டர் வாங்கி, பாருக்குள்கூட போகாமல் 2,240 செலவழிக்கிறார். ரூபாயில் முதலாமவர் அதிகம். வருமானத்தில் பங்காகப் பார்த்தால் அவருக்கு 5 சதவீதம், கொத்தனாருக்குப் பன்னிரண்டுக்கு மேல். நூறு நாள் வேலையில் 2024-25க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 319 ரூபாய், அதில் ஒரு 140 ரூபாய் பாட்டில் என்பது நாள் கூலியில் 44 சதவீதம்.

வருமானம் குறையக் குறைய அதில் பெரிய பங்கைப் பிடுங்கும் வரியைத் தேய்வு வீத வரி என்பார்கள். சட்டத்தில் ஏழைக்குத் தனி விகிதம் என்று எங்கும் எழுதியிருக்காது, விலை உயர்ந்த ரகத்துக்கு வரி அதிகம்தான். ஆனாலும் 319 ரூபாய் கூலியில் போகும் வரிக்கும் எண்பதாயிரம் சம்பளத்தில் போகும் வரிக்கும் கனம் ஒன்றாக இருக்காது.

"அப்படியானால் பீர் குடிக்கலாமே, போதையும் கம்மி" என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது. குவாட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், 180 மில்லிக்குச் சுமார் 77 மில்லி. 140 ரூபாய்க்கு அது மில்லிக்கு 1 ரூபாய் 80 காசை ஒட்டி. ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் என்றால் 52 மில்லி, 170 ரூபாய் என்று வைத்தால் மில்லிக்கு 3 ரூபாய் 27 காசு. உடம்பு வலிக்கு என்று குடிப்பவர் இந்தக் கணக்கைப் பேப்பரில் போடுவதில்லை, ஆனால் தவறாமல் சரியான விடைக்கு வந்துவிடுகிறார்.

எந்தப் பேரேட்டிலும் இல்லாத பணம்

புதுச்சேரியும் காரைக்காலும் பக்கத்திலேயே இருக்கின்றன, வரி குறைவு, விலை மலிவு. கடலூர், விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் அந்தச் சரக்கு எப்படியெல்லாம் வருகிறது என்பதைச் சோதனைச்சாவடிச் செய்திகளில் படிக்கலாம். அந்தச் செலவு தமிழ்நாட்டுக்காரருடையது, வரி புதுச்சேரியுடையது. இன்னொரு பக்கம் கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயப் பாக்கெட்டைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குவாட்டர் விலை எட்டாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு அது ஒரு பதில். விலையை ஏற்றிக் குடியைக் குறைக்கலாம் என்ற வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு, ஆனால் அந்த வாதம் பேசுபவர்கள் இந்தப் பாக்கெட்டைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஒரு மாநிலத்தின் செலவைவிட ஒரு ஆளின் செலவைக் கண்டுபிடிப்பது சுலபம். மாதக் கடைசியில் ஜிபே, போன்பே பட்டியலை எடுத்து, கடையில் கட்டியதோடு நிறுத்தாமல், அதற்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் போன ஒவ்வொரு தொகையையும் கூட்ட வேண்டும்: பார், தட்டுக்கடை, ஆட்டோ, நண்பருக்கு அனுப்பிய பங்கு. நண்பர்கள் திருப்பி அனுப்பியதைக் கழித்துக்கொள்ளலாம், தவறில்லை. ரொக்கமாகப் போனதற்கு ஏடிஎம்மில் எடுத்த தேதிகளைப் பார்த்தால் பாதி ஞாபகம் வந்துவிடும். வருகிற தொகையைக் கடை பில்லை மட்டும் வைத்துப் போட்ட தொகையால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்தால் நீங்கள் டாஸ்மாக் பார் ரகம், மூன்றைத் தாண்டினால் ஹோட்டல் ரகம், சரியாக ஒன்று என்று வந்தால் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள்.